முயல் விட்டு ஓடினால் அது பந்தயமா, மாப்பிள்ளை ஊர்வலமா?

28.6.2025, காலை

ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான்: "ஒரு பெண் நாலு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடுவதற்காக அவரைச் சுற்றிப் பதின்மூன்று பேரை ஓடவிட்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு கும்பல், பின்னால் ஒரு கும்பல். இது பந்தயமா, மாப்பிள்ளை ஊர்வலமா? பெட்ரோமாக்ஸ் விளக்குதான் பாக்கி."

படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

முந்தாநாள் பாரிஸில் நடந்தது அது. கென்யாவின் ஃபெய்த் கிப்யெகான், ஷார்லெட்டி மைதானம், நம் நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டி. பதினொரு ஆண்கள், இரண்டு பெண்கள் அவரைச் சுற்றி ஓடினார்கள். முன்னால் ஓடுபவர்கள் காற்றை அறுத்துக் கொடுப்பார்கள். பின்னால் ஓடுபவர்களும் காற்றின் இழுப்பைக் குறைப்பார்கள் என்று ஒரு கணக்கு. அன்று அறிவித்த நேரம் 4:06.42. 2023ல் மொனாக்கோவில் அவரே வைத்த உலக சாதனை 4:07.64. அதைவிட 1.22 வினாடி குறைவு, ஆனாலும் ஏட்டில் ஏறாது. ஏறாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஓடினார்கள். இதில் ஏமாந்தது யார்?

நானும் ஒரு காலத்தில் முயலாக, அதாவது இன்னொருவருக்காக முன்னால் ஓடி வேகம் வைத்துக் கொடுக்கிறவனாக, இருந்தவன். அதனால் இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். இப்போது நாற்று பறிக்க ஆள் வந்துவிட்டது, மற்றது அப்புறம்.

28.6.2025, இரவு

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் முயல் விட்டு ஓடிய எந்தச் சாதனையும் செல்லாதா" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். என் தப்புதான், பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

முயல் செல்லும். வேகம் வைத்துக் கொடுக்கிறவர், பேஸ்மேக்கர், பந்தயம் தொடங்கும்போதே மற்றவர்களோடு கோட்டில் நின்று புறப்பட வேண்டும். பாதியில் உள்ளே புகுந்து இழுக்கக் கூடாது. மைதானத்துக்குள் நடக்கும் பெண்கள் ஓட்டத்தில் ஆண்கள் இழுத்தால் சாதனையாக எழுத மாட்டார்கள். பாரிஸில் இடித்தது இதுதான்.

இது இன்று நேற்று வந்த சண்டை இல்லை. ரோஜர் பேனிஸ்டர் 1953ல் ஒரு மைலை 4:02.0க்கு ஓடினார். அந்த ஓட்டத்தில் நண்பர் கிறிஸ் பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, கிட்டத்தட்ட ஒரு சுற்று பின்தங்கி, பேனிஸ்டர் வந்து சேர்ந்ததும் கூட இழுத்துக்கொண்டு போனார். இது ஓட்டமே இல்லை என்று பிரிட்டிஷ்காரர்கள் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. மறுவருடம் மே 6, ஆக்ஸ்ஃபோர்ட். அதே பிராஷர் இந்தத் தடவை ஒழுங்காகக் கோட்டில் நின்று புறப்பட்டு முன்னால் இழுத்தார், அவருக்குப் பிறகு கிறிஸ் சாட்டவே. 3:59.4. அதை உலகமே ஏற்றுக்கொண்டது. நாலு நிமிடச் சுவரை உடைத்தவர் பேனிஸ்டர் என்று எல்லாருக்கும் தெரியும், உடைக்கிற வரை கடப்பாரை பிடித்த இரண்டு பேரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பிராஷர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார் என்பது வேறு கதை. முயல் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

29.6.2025

சரி, என் கதை.

1989. நான் பத்தாவது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். அப்போது திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாருக்கும் ஒரே தஞ்சாவூர் மாவட்டம்தான். அதனால் மாவட்டப் போட்டி என்றால் கூட்டம் அம்மும். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, வெறுங்கால்.

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஓர் அண்ணன் 1,500 மீட்டரில் கெட்டிக்காரர். மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும், அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, அதுதான் திட்டம். பி.டி. வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ முன்னாடி இழு. நான் சொல்றப்ப ஒதுங்கிடு." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேட்கிற வயசும் இல்லை, காலமும் இல்லை.

இழுத்தேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது எனக்கும் அடுத்தவனுக்கும் முப்பது மீட்டர் இருக்கும். காலில் இன்னும் ஓட்டம் பாக்கி இருந்தது. இன்றைக்கும் அது தொடையில் தெரிகிறது. வாத்தியார் ஓரத்திலிருந்து "ஒதுங்குடா" என்று கத்தினார். ஒதுங்கினேன். புல்லில் உட்கார்ந்து மீதிப் பந்தயத்தை வேடிக்கை பார்த்தேன்.

அண்ணன் இரண்டாவதாக வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் கடைசியில் தாண்டிவிட்டான். ஆக, என்னையும் ஜெயிக்க விடவில்லை, அவரும் ஜெயிக்கவில்லை. முயல் விட்டுக் கொடுத்தும் ஜெயிக்கத் தெரியாத ஆளுக்கு நான் ஏன் ஒதுங்கினேன் என்று முப்பத்தாறு வருடமாக அவ்வப்போது தோன்றும்.

முடிவுத் தாளில் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும்தான். சர்வதேசப் போட்டிகளிலும் அப்படித்தான். இழுத்துவிட்டு விலகும் முயலின் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று போடுவார்கள். அவர்களுக்குக் கூலியாவது உண்டு. எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார்கள்.

1.7.2025

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது. என் பெரியப்பா ஒரு நாதஸ்வர கோஷ்டியில் ஒத்து ஊதினார். ஒத்து தெரியும்தானே? நாயனம் மாதிரியே நீளமாக இருக்கும், ஆனால் ராகம் வாசிக்க முடியாது. ஒரே சுருதி. மணிக்கணக்காகக் கன்னம் உப்பி, மூச்சை விடாமல் அந்த ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். திருவிழா நோட்டீஸில் நாயனக்காரர் பெயர் இருக்கும், தவில்காரர் பெயர் இருக்கும். ஒத்துக்காரர் பெயரை நான் பார்த்ததில்லை. ஊர் வழக்கிலும் 'ஒத்து ஊதுறவன்' என்றால் திட்டு. அந்த ஒத்து இல்லாமல் போயிருந்தால் சாமி புறப்பாட்டில் தோடி எங்கே நின்றிருக்கும்?

முயலும் அந்த மாதிரிதான் என்று எனக்குப் படுகிறது.

அதைவிட வேடிக்கை, ஒத்தின் இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்தது போல முயலின் இடத்துக்கும் பெட்டி வந்துவிட்டது. 2020லிருந்து பெரிய போட்டிகளில் ஓடுபாதையின் உள்விளிம்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள். சாதனைக்கு வேண்டிய வேகத்தைக் கணினியில் கொடுத்துவிட்டால் வெளிச்சம் அந்த வேகத்தில் சுற்றி ஓடும். அந்த வருடம் ஆகஸ்டில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகாய் மொனாக்கோவில் 5,000 மீட்டரை 12:35.36க்கு ஓடினார், அக்டோபரில் வலென்சியாவில் 10,000 மீட்டரை 26:11.00க்கு. எத்தியோப்பியாவின் பெக்கெலே 2004, 2005ல் வைத்துவிட்டுப் போன இரண்டு சாதனைகளும் இரண்டு மாதத்துக்குள் போய்விட்டன. விளக்குக்கு மூச்சு வாங்காது, கூலி கேட்காது, கடைசியில் நானே ஜெயிக்கிறேன் என்று கிளம்பாது.

2.7.2025

கும்பகோணத்திலிருந்து ஒருவர் நன்றாகத் தட்டிவைத்துவிட்டார். "ஒத்து சுருதிக்கு. வேகத்துக்கு இல்லை. காலப்பிரமாணத்தைப் பிடிப்பது தாளக்காரர். தாளம் போடுகிறவரைத்தான் நீங்கள் முயலோடு ஒப்பிட வேண்டும்."

சரி, ஒப்புக்கொள்கிறேன். பெரியப்பா மேல் இருந்த பாசத்தில் வாத்தியம் மாறிவிட்டது. இலைத்தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் பையனைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவன் தாளத்தை ஓட்டினால், அதாவது வேகம் கூட்டிவிட்டால், எல்லாருக்கும் ஓடிவிடும். நோட்டீஸில் அவன் பெயரும் இராது, அந்த மட்டில் நான் சொன்னது நிற்கும்.

4.7.2025

"முயலே ஜெயித்துவிட்டால்?" என்று கேட்டவருக்கு.

ஜெயித்திருக்கிறது. 1981, ஆஸ்லோ, பிஸ்லெட் மைதானம், 1,500 மீட்டர். அமெரிக்காவின் டாம் பையர்ஸ் இழுத்துக்கொண்டு போனார். இவன் எப்படியும் விலகிவிடுவான் என்று ஸ்டீவ் ஓவெட் உட்பட எல்லாரும் பின்னால் மெதுவாக வந்தார்கள். திரும்பிப் பார்த்த பையர்ஸ் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், முடித்துவிடலாம் என்று ஓடிவிட்டார். 3:39.01. ஒலிம்பிக் சாம்பியன் ஓவெட் அரை வினாடி பின்னால்.

1994 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் இன்னும் பெரிய கூத்து. 25 கிலோமீட்டர் வரை இழுக்கக் கூலிக்கு வந்த பால் பில்கிங்டன் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் பக்கத்தில் இல்லை. நிற்காமல் ஓடி முதலில் வந்து பரிசுப் பணத்தோடு ஒரு மெர்சிடிஸ் காரும் வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த இத்தாலிக்காரர் லூகா பார்ட்சாகி தானே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். முயல் எப்போதோ விலகியிருக்கும் என்று அவர் எண்ணம்.

கதையில் முயல் தூங்கியதால்தான் ஆமை ஜெயித்தது. இங்கே முயல் தூங்கவில்லை.

இதைத் தட்டும்போது வயிறு எரிந்தது, மறைப்பானேன். "ஒதுங்குடா" என்ற சத்தம் அன்று என் காதில் விழாமல் இருந்திருந்தால்?

6.7.2025

நேற்றிரவு பெங்களூரு, கண்டீரவா மைதானம், நீரஜ் சோப்ரா பெயரிலேயே ஈட்டிப் போட்டி. 86.18 மீட்டர், முதலிடம். கென்யாவின் யெகோ 84.51, இலங்கையின் ருமேஷ் பதிரகே 84.34. இந்தியாவில் இப்படி ஒரு சர்வதேச ஈட்டிப் போட்டி, மைதானம் நிறையக் கூட்டம். ஈட்டிக்கு முயல் கிடையாது என்பதால் இதோடு விடுகிறேன்.

விடிகாலையில் அமெரிக்காவின் யூஜீனிலிருந்து இரண்டு செய்தி. பீட்ரிஸ் செபெட் 5,000 மீட்டரை 13:58.06க்கு ஓடியிருக்கிறார், 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண். நம்ம கிப்யெகான் 1,500ல் 3:48.68, அதுவும் உலக சாதனை. பாரிஸ் ஓட்டம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் என்று கேட்டவர் எங்கே?

13.7.2025

முயலால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், குல்வீர் சிங்கைப் பாருங்கள். இந்த வருடம் மார்ச் 29, கலிஃபோர்னியாவில் 10,000 மீட்டர், வேகம் வைத்துக் கொடுத்து ஓடும் பந்தயம்: 27:00.22, தேசிய சாதனை. மே மாதம் தென் கொரியாவின் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப், அதே 10,000 மீட்டர், அதே கால்கள்: 28:38.63. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கூடுதல். ஆனால் அங்கே அவருக்குத் தங்கம்.

ஒரு சுற்றுக்கு வகுத்துப் பார்த்தேன். முதலாவதில் 64.8 வினாடி, இரண்டாவதில் 68.7. சாம்பியன்ஷிப்பில் முயல் கிடையாது. முன்னால் போகிறவன் மற்றவர்களுக்குக் காற்று வாங்கிக் கொடுக்கும் இளிச்சவாயன். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக் 1,500 மீட்டரில் அமெரிக்காவின் சென்ட்ரோவிட்ஸ் 3:50.00க்குத் தங்கம் வாங்கினார். மேலே யூஜீனில் கிப்யெகான் ஓடிய நேரத்தோடு வைத்துப் பாருங்கள். அவரைவிட மெதுவாக ஓடி ஓர் ஆண் ஒலிம்பிக் சாம்பியன்! பந்தயத்துக்குப் பந்தயம் கேள்வியே வேறு. ஒன்று 'எவ்வளவு வேகம்', மற்றது 'யார் முதலில்'.

14.7.2025

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். உள்விளிம்பு என்று சொன்னதும் புதுக்கோட்டை லட்சுமணன் ஞாபகம் வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர், மூன்றாவதாக வந்து வெண்கலம் என்று அறிவித்தும் ஆயிற்று. அப்புறம், ஓடும்போது பாதையின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று பதக்கத்தை எடுத்துவிட்டார்கள். 25 சுற்று ஓடியும் ஒரு பாதம் தவறிய கணக்கு. அன்று எங்கள் டீக்கடையில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. வரப்பில் நடந்து பழகியவனுக்கு விளிம்பு தெரியாமல் போகுமா என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் திருவாரூர் மாவட்டத்துப் பிரவீன் சித்ரவேலை ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். மும்முறைத் தாண்டலில் முயல் இல்லையே சாமி. ஆனால் அங்கே காற்றே முயல். பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் வீசினால் தாண்டியது சாதனைக்குச் சேராது. பிரவீன் 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை வைத்தபோது வீசியது எதிர்க்காற்று, 1.5. முயலே எதிரில் வந்து முட்டியும் தாண்டியிருக்கிறார். போதுமா?

9.8.2025

நடவு முடிந்து களை எடுப்பு நடக்கிறது. இதைத் திறந்து பல நாள் ஆயிற்று.

இன்றோடு பதின்மூன்று வருடம். 2012 லண்டன் ஒலிம்பிக், 800 மீட்டர், டேவிட் ருடிஷா. முயல் இல்லாமல், தானே முன்னால் போய், முதல் சுற்று 49.28, முடிவில் 1:40.91, உலக சாதனை. நான் இதுவரை எழுதியதெல்லாம் இந்த ஒரு ஓட்டத்தின் முன்னால் கொஞ்சம் நொண்டும். இருந்தாலும் 2010ல் பெர்லினிலும் ரியெட்டியிலும் ஒரே வாரத்தில் அவர் இரண்டு தடவை சாதனையை உடைத்தபோது முன்னால் இழுத்தவர் சாமி டாங்குய். அந்த வேகத்தை உடம்புக்குப் பழக்கியதில் அவருக்கும் பங்கு இருக்காதா? இருக்கும். நிரூபிக்க என்னால் முடியாது.

15.9.2025

டோக்கியோ உலக சாம்பியன்ஷிப், நேற்று 10,000 மீட்டர். பிரான்சின் ஜிம்மி கிரெஸ்ஸியே 28:55.77. எத்தியோப்பியாவின் கெஜெல்சா 0.06 வினாடி பின்னால். நம் குல்வீர் 29:13.33, பதினாறாவது. மார்ச்சில் ஓடிய நேரத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் தங்கம்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைக்க முடியாது ஐயா. அந்த நேரம் அந்தப் பந்தயத்துக்குச் சொந்தம்.

17.9.2025

கிப்யெகான், 1,500 மீட்டர், தங்கம், 3:52.15. இரண்டாவதாக வந்தவர் 2.77 வினாடி பின்னால். முயலும் இல்லை, பதின்மூன்று பேரும் இல்லை. ஊர்வலக்காரர் இன்னும் பதில் போடவில்லை.

5.10.2025

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தேன். மழை வரும்போல இருந்தது. தார்ப்பாய் பற்றவில்லை. பக்கத்துக் குவியல்காரர் தன் தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்து என் நெல்லின் மேலும் போட்டார். முகத்தைப் பார்த்தால் அந்த அண்ணன். தலை முழுக்க வெள்ளை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், நிலத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். வேலை எங்கள் பந்தயத்தால் கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் போய் அங்கே ஓடி வாங்கியது.

டீ குடித்துக்கொண்டே பேச்சு 1989க்குப் போனது. நான் மணி, முப்பது மீட்டர், தொடையில் பாக்கி இருந்த ஓட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மணியா? நீ எண்ணூறுலயே ஒதுங்கிட்ட தம்பி. மணிக்கு இன்னும் முந்நூறு மீட்டர் இருந்துச்சு. ஒதுங்கி எங்க உட்கார்ந்த? வேப்பமரத்துக்கிட்ட வாந்தி எடுத்துக்கிட்டு இருந்த."

வேப்பமரம் என்று அவர் சொன்னதும் எனக்கும் வந்துவிட்டது. புல் இல்லை. வேப்பம்பழம் கொட்டிக்கிடந்த தரை, அந்தக் கசப்பு வாசனை. இவ்வளவு வருடமாகப் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விடவில்லை. "வாத்தியார் உன்னைச் சுத்துக்கு எழுபதுல போகச் சொன்னாரு. நீ அறுபத்துநாலுல போன. நானும் நம்பி உன் பின்னாடியே வந்தேன். கடைசி இருநூறுல கால் கல்லாயிடுச்சு. பட்டுக்கோட்டைக்காரன் பின்னாடி நிதானமா இருந்தான், எடுத்துட்டுப் போயிட்டான்."

வாத்தியார் எழுபது என்று சொன்னாரா? சொல்லியிருப்பார். கையில் கடிகாரம் இல்லாத பையனுக்கு எழுபது என்றால் என்ன என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இதைச் சொல்லித் தப்பிக்கவும் மனசு வரவில்லை. ஜூன் 29ந் தேதி அவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன், ஜெயிக்கத் தெரியாதவர் என்று. அதை அழிக்கவில்லை, இதற்கு மேலேயே கிடக்கட்டும். தாளம் ஓட்டிய பையன் நாயனக்காரரைக் குறை சொன்ன கதை.

"இத்தனை நாள் என்மேல கோபமா அண்ணே?" என்றேன்.

"முதல் பத்து வருஷம்" என்றார்.

ஐந்து நாள் காத்திருந்து நெல் போட்டு முடித்தோம், அவருக்கு என்னைவிட அரை நாள் முன்னதாக. கிளம்பும்போது நம்பர் வாங்கிக்கொண்டார். இன்று காலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி: பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஐம்பது வயசுக்கு மேற்பட்டோருக்கு 800 மீட்டர் ஓட்டம் உண்டாம், இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாராம். கீழே தனியாக ஒரு வரி.

"இந்தத் தடவை வாட்ச் கட்டிக்கிட்டு வா."